வளையல் அளவு 2.10 எங்கே போனது? ஆன்லைன் கடைச் சரக்குக் கணக்கு, கேள்வி பதில்

தீபாவளி வியாபாரம் தொடங்குமுன் ஆன்லைனில் விற்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கோலாலம்பூர் துணிக்கடைகளுக்குப் பொருள் விவரம் ஏற்றிக் கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலை.

பிரிக்பீல்ட்ஸ், வளையல் கடை: அண்ணே, 2.4, 2.6, 2.8, 2.10 என நாலு அளவை எக்செல்லில் எழுதி ஏற்றினேன். கடையில் பார்த்தால் 2.10 இருக்க வேண்டிய இடத்தில் 2.1 நிற்கிறது. பிள்ளை வளையல் என்று நினைத்து வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள்.

அக்கா, இது எக்செல் செய்த வேலை. அதற்கு 2.10-ம் 2.1-ம் ஒன்றுதான். நமக்கு அப்படி இல்லை. வளையலில் புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த பங்கு. 2.4 என்றால் இரண்டே கால், 2.8 என்றால் இரண்டரை, 2.10 அதைவிடப் பெரியது. ஆகவே அளவை எண்ணாக நினைக்காதீர்கள், அது ஒரு பெயர். எக்செல்லில் அளவு எழுதும் நெடுவரிசையை (காலம்) முதலில் 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டு அப்புறம் தட்டச்சு செய்யுங்கள். பிறகு மாற்றினால் போன பூஜ்யம் வராது. ஆனால் தளத்தில் ஏற்றும் சிஎஸ்வி கோப்பு வெறும் எழுத்துதான், அதில் இந்த அமைப்பு எதுவும் தங்காது, அடுத்த முறை அதையே எக்செல்லில் திறந்து சேமித்தால் பூஜ்யம் மறுபடி போய்விடும். அதனால் நான் எப்போதும் 'அளவு 2.10' என்று எழுத்தோடு சேர்த்தே போடுகிறேன். 2-10 என்று மட்டும் போடாதீர்கள், தேதியாக்கிவிடும். இதே தேதித் தொல்லையால்தான் 2020-இல் சில மனித மரபணுக்களின் பெயர்களையே அறிவியலாளர்கள் மாற்றினார்கள்.

பார்கோடும் அப்படித்தான். 955-இல் தொடங்கும் 13 இலக்க எண் 9.55E+12 எனச் சுருங்கித் தெரிந்தால் சேமிக்காமல் மூடுங்கள். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் பின் இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும்.

செந்தூல், குடும்ப செட் விற்பவர்: அப்பாவுக்கு ஜிப்பா, அம்மாவுக்குச் சேலை, மகளுக்குப் பாவாடை, எல்லாம் ஒரே நிறத்தில். செட்டாகவும் தனியாகவும் விற்கிறேன். 'எம்' அளவு ஜிப்பா தீர்ந்த பிறகும் செட்டுக்கு ஆர்டர் வருகிறது.

தம்பி, செட்டுக்கென்று தனி எண்ணிக்கை வைத்ததுதான் தப்பு. செட் என்று ஒரு பொருள் உங்கள் அலமாரியில் இல்லையே! சேலை 14, 'எம்' ஜிப்பா 3, பாவாடை 9 இருந்தால் உங்களிடம் இருப்பது 3 செட். எது குறைவோ அதுதான் கணக்கு. ஒரு ஜிப்பா தனியாகப் போனால் செட்டும் 2 ஆக வேண்டும். இதைத் தானாகச் செய்யும் மென்பொருள்கள் உண்டு. இல்லையென்றால் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் தனி விற்பனையை நிறுத்திவிடுங்கள்.

ஒரு கடையில் நானும் இதே தப்பைச் செய்தேன். பண்டிகைக்கு ஐந்து நாள் இருக்கும்போது பதினேழு வீட்டுக்கு நானே போன் செய்து இல்லை என்று சொன்னேன். ஒரு அம்மா, "பிள்ளைகிட்ட காட்டிட்டேனே தம்பி" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

மஸ்ஜித் இந்தியா, ரவிக்கை விற்பவர்: நிறம், அளவு, கை நீளம் மூன்றும் வேண்டும். ஷாப்பி விற்பனைத் தளத்தில் இரண்டுதான் போட முடிகிறது.

ஆமாம், அங்கே இரண்டு அடுக்குதான். ஷாப்பிஃபை என்ற வேறு தளத்தில் மூன்று வரை போடலாம். ஷாப்பியில் முழங்கை நீளக் கைக்கு ஒரு பொருள் பக்கம், குட்டைக் கைக்கு இன்னொரு பக்கம் எனப் பிரியுங்கள். ஆனால் எஸ்கேயு, அதாவது ஒவ்வொரு வகைக்கும் நீங்கள் வைக்கும் அடையாளக் குறியீடு, எல்லாத் தளத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும். அப்புறம், 5 நிறம், 6 அளவு, 2 கை என்றால் 60 வகை வரும் என்று அறுபதையும் உருவாக்காதீர்கள். கையில் இருப்பதை மட்டும் ஏற்றுங்கள்.

ஜாலான் ஈப்போ: எஸ்கேயுவில் விலையைச் சேர்க்கலாமா?

வேண்டாம். விலை மாறும், எஸ்கேயு மாறக்கூடாது. தீர்ந்துபோன பொருளின் எஸ்கேயுவைப் புதுப் பொருளுக்கும் கொடுக்காதீர்கள், பழைய விற்பனையெல்லாம் அதன் தலையில் ஏறிவிடும்.

பட்டர்வொர்த்: தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாக வருகின்றன.

எக்செல்லில் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சரியாகிவிடும்.

பினாங்கு லிட்டில் இந்தியா, மசாலாக் கடை: 25 கிலோ மிளகாய்த் தூள் மூட்டையை 100, 250, 500 கிராம் பொட்டலமாக விற்கிறோம். எண்ணிக்கை எப்படிப் போடுவது?

ஐயா, 100 கிராமில் 250, 250 கிராமில் 100, 500 கிராமில் 50 என்று மூன்றையும் போட்டிருப்பீர்கள் என நினைக்கிறேன். அப்படியானால் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு 75 கிலோ இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். மூட்டையைக் கிராமில் தனியாக எழுதி வையுங்கள். காலையில் கட்டிய பொட்டலத்தை மட்டும் தளத்தில் ஏற்றுங்கள். கட்டக் கட்ட மூட்டைக் கணக்கில் கழியுங்கள். சிந்தினது, சலித்ததில் போனது, அதையும் கழித்து எழுத வேண்டும். காலாவதித் தேதி முதலில் வரும் பொட்டலம் முன்வரிசையில் இருக்கட்டும்.

பிரிக்பீல்ட்ஸ், பட்டுச் சேலை: ஒவ்வொன்றும் ஒரே ஒரு சேலைதான். கடையிலும் இரண்டு தளத்திலும் வைத்திருக்கிறேன்.

தங்கச்சி, மற்ற சரக்குக்கு ஒன்றிரண்டைத் தளத்தில் காட்டாமல் பின்னால் வைத்துக்கொள் என்பேன். ஒற்றைச் சேலைக்கு அது உதவாது. ஒரு தளத்தில் மட்டும் போடு. கடைக்கு வந்தவர் கையில் எடுத்துப் பார்க்கும்போதே ஆன்லைனில் பூஜ்யமாக்கிவிடு, வாங்காமல் போனால் திரும்ப ஒன்று போட ஒரு நிமிடம் ஆகாது.