ஆயில் ஃபில்டரைக் கழற்றினால் முழங்கை வரை எண்ணெய் வழிகிறதே?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். என் பெட்ரோல் காருக்கு நானே எஞ்சின் ஆயில் மாற்றினேன். ஆயிலை வடிப்பது சுலபமாகத்தான் இருந்தது. ஃபில்டரைத் திருகியதும் முழங்கை வரை எண்ணெய் வழிந்து பேஸ்மென்ட் தரையும் கறையாகிவிட்டது. அசோசியேஷன் அபராதம் கேட்கிறது. ஸ்க்ரூடிரைவரால் ஃபில்டரில் ஓட்டை போட்டு வடித்துவிட்டுக் கழற்றச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: ஓட்டை போடாதீர்கள். எண்ணெய் எந்தப் பக்கம் பீய்ச்சும் என்பது உங்கள் கையில் இல்லை. அதற்கப்புறமும் ஃபில்டர் கழன்று வராவிட்டால் இன்னும் மோசம். தகரம்தான் கிழியும், வண்டியை ஸ்டார்ட் செய்யவே முடியாது. பேஸ்மென்ட்டிலிருந்து அதைக் கட்டி இழுத்துப் போக ஆகும் செலவுக்கு அபராதமே தேவலை.

சேம்பரில், அதாவது எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியில், இருந்ததை வடித்தாலும் ஃபில்டருக்குள் ஒரு டம்ளர் எண்ணெய் அப்படியே நிற்கும். எஞ்சினை நிறுத்தினாலும் எண்ணெய் திரும்பி ஓடிவிடாமல் இருக்க, உள்ளே ஒரு ரப்பர் வால்வு வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஃபில்டரை ஒரே மூச்சில் திருகிக் கழற்றியிருப்பீர்கள். அந்த ஒரு டம்ளரும் கையில்தான் இறங்கும்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். தொட்டால் கை பொறுக்கிற சூடு போதும். வண்டியைத் தூக்கினால் அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் கீழே படுக்கக் கூடாது. மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து, சேம்பரை வடித்து, புது வாஷரோடு டிரெய்ன் போல்ட்டை மாட்டிவிடுங்கள். அப்புறம் டிரேயை ஃபில்டருக்கு நேர் கீழே நகர்த்துங்கள். ஃபில்டர் படுக்கைவாட்டில் இருந்தால் அதன் அடியில் சமையல் அலுமினியத் தாளை வாய்க்கால் மாதிரி மடித்து, டிரேக்குள் சரித்து வையுங்கள்.

இப்போது ஃபில்டரை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். ஓரத்தில் எண்ணெய் கசிய ஆரம்பித்ததும் கையை எடுத்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் தொடாதீர்கள். சொட்டு நின்றதும் கெட்டியான பாலிதீன் பையால் ஃபில்டரை மூடி, பைக்கு வெளியிலிருந்தே பிடித்துத் திருகிக் கழற்றுங்கள். மிச்ச எண்ணெயோடு ஃபில்டர் பைக்குள்ளேயே விழும். கையில் நைட்ரில் கையுறை இருக்கட்டும், பழைய ஆயில் தோலுக்கு நல்லதல்ல. பக்கத்தில் பனியன் வேஸ்டும் ஒரு கூடை மரத்தூளும் இருந்தால் சிந்தினாலும் கவலையில்லை. மரத்தூளைத் தூவி, ஊறவிட்டு, கூட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவி மழைநீர்க் கால்வாயில் தள்ளாதீர்கள்.

கையால் அசையவில்லையா? போன தடவை சர்வீஸ் செய்தவரின் கைங்கரியம். புது ஃபில்டரைக் கையால் முடுக்கினால் போதும். ரப்பர் ரிங் தொட்ட பிறகு சுமார் முக்கால் சுற்று. எவ்வளவு என்று பல ஃபில்டர்களின் மேலேயே அச்சடித்திருக்கும். அதைப் படிக்காமல் ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டு, லேபர் சார்ஜ் மட்டும் கச்சிதமாகப் போடுவார்கள். உங்கள் ஃபில்டர் அளவுக்குத் தொப்பி மாதிரி பொருந்தும் கப் ரெஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது கழற்ற மட்டும்தான்.

பழைய ஃபில்டரோடு அதன் ரப்பர் ரிங்கும் வந்துவிட்டதா என்று பாருங்கள். எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதை மாட்டினால், ஓடும்போது ரிங் பிதுங்கி எண்ணெய் முழுவதும் ரோட்டில் போய்விடும், எஞ்சின் சீஸ் ஆகும். இடத்தைத் துடைத்து, புது ரிங்கில் விரலால் புது ஆயிலைத் தடவிவிட்டு மாட்டுங்கள். ஆயில் ஊற்றி ஒரு நிமிடம் ஓடவிட்டு, கீழே கசிகிறதா என்று பார்த்துவிட்டு, சற்றுப் பொறுத்து டிப்ஸ்டிக்கில் அளவைப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு. சில வண்டிகளில், டீசலில் நிறையவே, தகர டப்பா ஃபில்டர் இருக்காது. ஒரு மூடிக்குள் காகித ஃபில்டர் மட்டும் இருக்கும். அப்படியானால் பாலிதீன் பை வித்தை தேவையில்லை. மூடி மேல்பக்கம் இருந்தால் இரண்டு மூன்று சுற்று தளர்த்திவிட்டுக் காத்திருங்கள். காற்று புகுந்ததும் எண்ணெய் பெரும்பாலும் தானே சேம்பருக்கு இறங்கிவிடும். அதனால் சேம்பரை வடிப்பதற்கு முன்பே இந்த மூடியைத் தளர்த்துவது நல்லது. மூடி பிளாஸ்டிக்கில் இருந்தால் சரியான அளவு சாக்கெட் போடாமல் பிளையரால் திருகினால் மூலை மழுங்கும், முரட்டுத்தனமாக இறுக்கினால் விரிசல் விடும். புது ஃபில்டரோடு வரும் ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) பழையது இருந்த அதே பள்ளத்தில் போடுங்கள். ஒரு பள்ளம் தள்ளிப் போட்டாலும் ஒழுகும். பழைய ரிங்கையே மறுபடி போட்டுவிட்டுப் புதியதைத் தூக்கி எறிகிற மெக்கானிக்குகளும் உண்டு.

வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் ஃபில்டர் வாங்கும்போது கவனம். நல்ல கடைகள் இருக்கின்றன. அசல் போலவே அட்டைப்பெட்டியில் டூப்ளிகேட்டும் கிடைக்கிறது. அதில் அந்த ரப்பர் வால்வு பெயருக்கு இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் கடகடவென்று சத்தம் போட்டால் அந்த வால்வையும் சந்தேகப்படுங்கள். பாதி விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். "ஃபில்டரை ஒருமுறை விட்டு ஒருமுறை மாற்றினால் போதும்" என்கிறவரிடம் ஆயிலும் வாங்காதீர்கள். காலி கேனையும் பெட்டியையும் கிழித்துப் போடுங்கள். முழுசாகப் போனால் அதே கேன் வேறு எண்ணெயோடு கடைக்குத் திரும்பும். வீட்டுக்கு வந்து பழைய ஆயிலை லிட்டர் கணக்கில் கேட்கிறவர்களுக்கும் கொடுக்காதீர்கள். அது எந்த அடுப்பில் எரியும், எந்த டின்னில் மறுபடி அடைபடும் என்று யாருக்கும் தெரியாது.

சரி, பழைய ஆயிலை யாரிடம்தான் கொடுப்பது? மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு கழிவு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. 2024 ஏப்ரல் முதல் அதன் மறுசுழற்சிக்கு எண்ணெய் தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் பொறுப்பு. காகிதத்தில் எல்லாம் பிரமாதம். மூன்றரை லிட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் மனிதன் எங்கே போவான் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. இப்போதைக்கு ஒரு வழி: அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் கவுன்ட்டரிலேயே ஃபில்டரை வாங்குங்கள். வாங்கும்போதே, பழைய ஆயிலைக் கொண்டுவந்தால் அவர்கள் டிரம்மில் சேர்ப்பார்களா என்று கேளுங்கள். முனகுவார்கள். பார்ட்ஸ் கவுன்ட்டரில் இருப்பவரை விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப் மேனேஜரிடம் கேளுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். கழற்றிய ஃபில்டரையும் ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்து வடியவிட்டு, ஆயிலோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.