கியோட்டோவில் இறங்க ஒரு நிமிடம் போதுமா?

கேள்வி: நானும் என் கணவரும் வரும் ஏப்ரல் மாதம் இருபத்தெட்டுப் பேர் கொண்ட சுற்றுலாக் குழுவுடன் ஜப்பான் செல்கிறோம். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு அதிவேக ரயிலில் போவதாகப் பயணத் திட்டத்தில் இருக்கிறது. என் கணவருக்கு 71 வயது. முழங்கால் வலியும் உண்டு. அந்த வேகம் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா? ஒரு நிமிடம்தான் ரயில் நிற்குமாம்; பெட்டிகளோடு எப்படி இறங்குவது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வேகத்தைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையிலான ஷின்கான்சென் எனப்படும் அதிவேக ரயில் பாதை 1964 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. அன்று மணிக்கு 210 கிலோமீட்டராக இருந்த உச்ச வேகம் இப்போது 285. இந்த அறுபது ஆண்டுகளில் ஷின்கான்சென் ரயில் மோதியோ தடம் புரண்டோ ஒரு பயணிகூட உயிரிழந்ததில்லை. அந்தப் பாதையில் லெவல் கிராசிங் கிடையாது, சரக்கு ரயிலும் ஓடாது. நிலநடுக்கத்தின் முதல் அதிர்வை உணர்ந்தவுடன் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பிரேக் தானாகவே விழுந்துவிடும். 2011 மார்ச் மாதப் பெரும் நிலநடுக்கத்தின்போதும் பயணிகளுடன் ஓடிக்கொண்டிருந்த எந்த ஷின்கான்சென்னும் தடம் புரளவில்லை. சுரங்கப் பாதைக்குள் நுழையும்போது விமானத்தில் போலக் காது சற்று அடைக்கலாம். எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது பெட்டிகளைப் பற்றித்தான். டோக்கியோ புறப்படும் நிலையம் என்பதால் நிதானமாக ஏறலாம். கியோட்டோ அப்படியல்ல, ரயில் அங்கிருந்து மேலே போக வேண்டும் என்பதால், ஓரிரு நிமிடங்களில் கதவை மூடிவிடுவார்கள். குழு முழுவதும் ஒரே ரயில் பெட்டியில் இருந்தால், இருபத்தெட்டுப் பேரும் இரண்டே கதவுகள் வழியாக இறங்க வேண்டியிருக்கும். நான் சென்ற குழுவில் ஒரு பெரியவர், கியோட்டோ வந்து நின்ற பிறகுதான் மேல் தட்டிலிருந்து பெட்டியை இழுக்கத் தொடங்கினார். பெட்டியின் சக்கரம் தட்டின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. அவர் அதை விடுவித்து நடைபாதைக்கு வந்தபோது கதவு மூடிவிட்டது. மனைவி பிளாட்பாரத்தில், அவர் ரயிலில். கால் மணி நேரத்தில் அடுத்த நிலையமான ஷின்-ஒசாகாவில் இறங்கித் திரும்பி வந்துவிட்டார் என்றாலும், அதுவரை அந்த அம்மையார் பட்ட பாட்டை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே, பெரிய பெட்டிகளை ரயிலில் ஏற்றாமலே செல்ல முடியுமா என்று உங்கள் சுற்றுலா மேலாளரிடம் இப்போதே கேளுங்கள். ஜப்பானில் 'தக்யூபின்' என்ற பார்சல் சேவை உண்டு. டோக்கியோ ஓட்டலில் காலையில் ஒப்படைத்தால், பெட்டி பெரும்பாலும் மறுநாள் கியோட்டோ ஓட்டலுக்கு வந்து சேர்ந்துவிடும். இடையில் ஓர் இரவு பெட்டி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதால், மாற்றுத் துணி, மருந்துகள், பாஸ்போர்ட் ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்பேன். பெட்டியைக் கூடவே கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால், சக்கரம், கைப்பிடி உட்பட நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி அளந்து பாருங்கள். 160 சென்டிமீட்டருக்கு மேல் போனால், பெட்டி வைக்கும் இடத்தோடு கூடிய இருக்கையை முன்பதிவு செய்திருக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பதிவில்லாமல் ஏற்றினால் 1,000 யென் கட்ட நேரிடும்.

மிக வேகமான 'நொசோமி' வகை ரயில் என்றால், வழியில் உள்ள நகோயா நிலையத்தை விட்டதும் அடுத்தது கியோட்டோதான். அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். நகோயாவில் கதவு மூடியவுடன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கழிப்பறைக்குப் போவதை அப்போதே முடித்துவிடுங்கள். இருபத்தைந்து நிமிடம் ஆனதும் பெட்டியை இறக்கிக் காலடியில் வைத்துக்கொண்டு, அறிவிப்பு வந்தவுடன் கதவருகே போய்விடுங்கள். கணவர் முன்னே செல்லட்டும். தவறிப்போய் ஒருவர் ரயிலிலேயே தங்கிவிட்டால் பதற வேண்டாம்; ஷின்-ஒசாகாவில் இறங்கி அதே பிளாட்பாரத்தில் காத்திருப்பது என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழித்தடத்தில், சாதாரண வகுப்புப் பெட்டிகளில் தள்ளுவண்டி விற்பனையை 2023 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். நிலையத்தில் விற்கும் சாப்பாட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் மீனோ இறைச்சியோ இருக்கும். சைவம் என்றால் ரொட்டி, பழம் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். ரயிலில் உட்கார்ந்து சாப்பிடுவதற்குத் தடையில்லை.

இருக்கையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், வலப்புறம் இரண்டிரண்டாக இருக்கும் 'டி', 'இ' இருக்கைகளைக் கேளுங்கள். டோக்கியோவை விட்டு முக்கால் மணி நேரம் ஆகும்போது, வானம் தெளிவாக இருந்தால், அந்தப் பக்கம்தான் புஜி மலை தெரியும். அதுவரை கணவர் சன்னலோரம் உட்காரட்டும். மலை மறைந்ததும் நடைபாதை ஓர இருக்கைக்கு மாறிக்கொண்டால், காலை நீட்டவும் எழுந்து நடக்கவும் அவருக்கு வசதியாக இருக்கும்.