ஆடிட்டர் மேல கேஸ் போட இன்னும் டைம் இருக்கா?

கேள்வி: ஈரோட்டுல ஜவுளி மொத்த வியாபாரம் பண்றேன். எங்க ஆடிட்டர் டேக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டை கடைசி தேதிக்குள்ள அப்லோட் பண்ணவே இல்ல, ஆனா "போட்டாச்சு"ன்னு வாட்ஸ்அப்ல சொன்னார். ரெண்டரை வருஷம் ஆகுது. போன வருஷம் ஒன்றரை லட்சம் பெனால்ட்டி ஆர்டர் வந்தப்பதான் தெரிஞ்சுது. "பேசிக்கலாம்"னே இழுத்தடிக்கிறார். இனிமே கேஸ் போட முடியுமா?

பதில்: முடியுங்க, ஆனா இன்னிக்கே வக்கீலைப் பாருங்க. சிவில் கோர்ட்ல நஷ்டஈடு கேட்க 1963 லிமிடேஷன் சட்டப்படி 3 வருஷம்தான். அது பெனால்ட்டி ஆர்டர் தேதியிலிருந்துன்னு நீங்க சொல்வீங்க, கடைசி தேதி தவறின நாள்லருந்துன்னு அவர் தரப்பு சொல்லும், அதனால இருக்கிறதுலயே முந்தின தேதியை வச்சு எண்ணுங்க, அப்படிப் பார்த்தா உங்களுக்கு ஆறு மாசம்தான் பாக்கி. சிவில் வழக்குல ஒரு நாள் தாண்டினாலும் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி கேட்கவே முடியாது. அவர் வாயால "பேசிக்கலாம்"னு சொல்றதுக்காக கெடு நிக்காது, பல பேர் பழகின மனுஷனாச்சேன்னு காத்திருந்தே உரிமையைத் தொலைக்கிறாங்க, அதைப் பார்க்கிறப்ப மனசு கஷ்டமா இருக்கு.

அந்த வாட்ஸ்அப் மெசேஜை அழிச்சிடாதீங்க. மோசடியா மறைச்சார்னு நிரூபிச்சா, அதே லிமிடேஷன் சட்டத்தோட 17-வது பிரிவுப்படி உங்களுக்குத் தெரிஞ்ச நாள்லருந்துதான் கெடு ஓடும். ஆனா அதை மட்டும் நம்பி தள்ளிப்போடாதீங்க. இன்னொண்ணு, ஆடிட்டர் ரிப்போர்ட்டை ஏத்தினா அதை வருமான வரி போர்ட்டல்ல உங்க லாகின்ல நீங்க அக்செப்ட் பண்ணணும், அப்போ நீங்க ஏன் கவனிக்கலன்னு கேட்பாங்க, பாஸ்வேர்டு அவர்கிட்டதான் இருந்துச்சுன்னா அதுக்கும் ஆதாரம் எடுத்து வைங்க.

கன்ஸ்யூமர் கமிஷன்ல 2 வருஷம். தக்க காரணம் காட்டினா தாமதத்தை மன்னிப்பாங்க, ஆனா இது வியாபாரத்துக்கு வாங்கின சேவைன்னு அவர் தரப்பு மறுக்கும், சொந்தப் பிழைப்புக்காக நீங்களே நடத்துற கடைன்னு காட்டணும்.

ஆடிட்டர்கள் இன்ஸ்டிட்யூட்லயும் புகார் கொடுக்கலாம், 7 வருஷத்துக்கு மேல ஆகி ஆதாரம் கிடைக்கிறதும் கஷ்டம்னா அவங்க புகாரை எடுக்காம விடலாம், உங்களுக்கு அந்தப் பிரச்சனை இல்ல. அங்க அவர் மேல நடவடிக்கை வரும், உங்க பணம் வராது.

பெனால்ட்டிக்கு அப்பீல் போட்டீங்களா? 30 நாள் கெடு போயிருச்சுதான், ஆனா தாமதத்துக்கு காரணம் சொல்லி இப்பவும் போடலாம், ஆடிட்டர் ஏமாத்தினதை நியாயமான காரணமா ஏத்துக்கிட்டா பெனால்ட்டியே ரத்தாகலாம். அதையும் வக்கீல்கிட்ட சேர்த்தே கேளுங்க.