மாணவர்களைச் சிங்கப்பூருக்கு அழைத்துப்போகும் ஆசிரியர் எதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்?

நீங்கள் கேட்டது இது: ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரப் பள்ளியிலிருந்து ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிங்கப்பூர் சுற்றிப் பார்க்க அழைத்துப்போகிறீர்கள், பொறுப்பாசிரியராக உங்களுக்கு இதுதான் முதல் முறை, எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நானும் மண்டபம் பக்கத்தில் ஆசிரியர். பிள்ளைகளுக்குத் துணையாகச் சிங்கப்பூர் போய் வந்தவன். துணைக்குப் போகிறவர்களுக்கெல்லாம் முதலில் வருகிற பயம், பிள்ளை எங்கேயாவது தொலைந்துவிடுமோ என்பதுதான். என் கவலை வேறு. தலைவலி வந்தாலும், பசித்தாலும், பயந்தாலும் வாயைத் திறக்காத பிள்ளையை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வராது. நம் பக்கத்துப் பிள்ளைகளில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. சாருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள், அதை அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள்.

முதலில் ஊர் வேலை. பதினெட்டு வயதுக்குக் கீழே பாஸ்போர்ட் எடுக்க அப்பா, அம்மா இருவரும் அனெக்ஸர் டி படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா கடலுக்குப் போயிருப்பார், இல்லையென்றால் வளைகுடா நாட்டில் வேலையில் இருப்பார். விசைப்படகுக்காரர்களைப் பிடிக்க நல்ல நேரம் மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகெல்லாம் கரையில் நிற்கும், அப்பாக்கள் வலை பழுது பார்த்துக்கொண்டு ஊரில்தான் இருப்பார்கள். அதற்குள் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவரின் கையெழுத்து கிடைக்காவிட்டால், ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடும் அனெக்ஸர் சி படிவம் இருக்கிறது. பெயரையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அப்பா பெயர் அந்தோணி என்றால், ஆங்கிலத்தில் எழுதும்போது ஆதாரில் ஒரு எச் இருக்கும், பிறப்புச் சான்றிதழில் இருக்காது. இனிஷியலை விரித்து எழுதுவதிலும் இதே சிக்கல் வரும். டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடியே போட வேண்டும்.

விசாவைத் தவிர எஸ்ஜி அரைவல் கார்டு என்று ஒரு சிங்கப்பூர் வருகைப் படிவம் உண்டு. போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பலாம். இலவசம்தான், அதற்குப் பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள். சூயிங்கம் எடுத்துப்போகக் கூடாது. கருவாடும் இறால் ஊறுகாயும் வேண்டாம் என்று அம்மாக்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். இறைச்சி, கடல் உணவு கொண்டுபோவதற்கு அங்கே கட்டுப்பாடு உண்டு.

இன்னொன்று, நகரும் படிக்கட்டு. நடுக்கடலில் படகு ஆடினாலும் அசையாமல் நிற்கிற பையன், அதன் முன்னால் காலை வைக்கத் தயங்கி நிற்பான். பின்னால் வருகிற கூட்டம் காத்திருக்கும், அவனுக்கு அவமானமாகப் போய்விடும். பாஸ்போர்ட் வேலையாக மதுரை போகும்போது ரயில் நிலையத்துக்கு அழைத்துப்போய் அங்குள்ள நகரும் படிக்கட்டில் நாலு தடவை ஏற்றி இறக்குங்கள். சிங்கப்பூரில் இடது பக்கம் நிற்பார்கள், வலது பக்கம் நடப்பவர்களுக்கு. அதையும் சொல்லிவைத்தால் போதும்.

இப்போது அந்த வாய் திறக்காத பிள்ளைக்கு வருகிறேன். பொதுவில் "யாருக்காவது ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால் யாரும் கையைத் தூக்க மாட்டார்கள். தினமும் ராத்திரி ஒவ்வொரு அறையாகப் போங்கள். "இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். "சாப்பிட்டேன் சார்" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். ஹோட்டல் காலை உணவில் முள்கரண்டியையும் அடுத்தவர் பார்வையையும் நினைத்துப் பயந்து, வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு எழுந்துபோகிற பிள்ளைகள் உண்டு. நீங்கள் அவர்கள் மேசையிலேயே உட்கார்ந்து கையால் சாப்பிடுங்கள். கீழக்கரை, தேவிபட்டினம் பிள்ளைகள் ஹலாலா என்று கேட்கக் கூச்சப்பட்டுப் பட்டினி கிடப்பார்கள். கடையில் சான்றிதழ் மாட்டியிருப்பார்கள், அதை அடையாளம் காட்டிக் கொடுங்கள். தண்ணீர் பாட்டில் விலையைப் பார்த்துவிட்டுத் தாகத்தோடு நடப்பார்கள். அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகள் வந்தால் பெண் ஆசிரியர் ஒருவர் வந்தே ஆக வேண்டும், இதில் சமரசமே வேண்டாம். நாப்கின் அந்த டீச்சர் பையில் எப்போதும் இருக்கட்டும், கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி. கைச்செலவுப் பணம் எல்லோருக்கும் ஒரே தொகை என்று பெற்றோர் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

எதைக் காட்டுவது என்பதில் ஏஜென்ட் கொடுக்கிற பட்டியலை அப்படியே ஏற்க வேண்டாம். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் போகட்டும், பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். ஆனால் மரினா பேரேஜ் என்ற தடுப்பணைக்கு ஒரு சாயங்காலம் கட்டாயம் ஒதுக்குங்கள். 2008இல் திறந்தது. மரினா கால்வாய் கடலில் சேரும் முகத்தில் ஒன்பது மதகுகள் வைத்துக் கடலைத் தடுத்து, உள்ளே நன்னீர்த் தேக்கம் ஆக்கியிருக்கிறார்கள். பெருமழை பெய்யும்போது கடல் வற்றமாக இருந்தால் மதகைத் தாழ்த்தி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவார்கள். ஏற்றமாக இருந்தால் ராட்சச பம்புகளால் இறைத்து வெளியேற்றுவார்கள். காசு கொடுத்துக் குடத்தில் தண்ணீர் வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய காட்சி அந்த ஊரில் இல்லை என்பேன். ஏற்ற வற்றம் தெரிந்த மீனவப் பிள்ளையை மற்றவர்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். அதுவரை பேசாதவன்கூட அங்கே பேசுவான்.

சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் தொடங்கிய ஜாமே சூலியா பள்ளிவாசலும் 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயிலும் கிட்டக்கிட்ட இருக்கின்றன. இரண்டுமே தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து போனவர்கள் எழுப்பியவை. வேகமாக ஓட்டிக்கொண்டு போகாமல், பிள்ளைகளை அங்கே கொஞ்ச நேரம் உட்கார விடுங்கள்.

ரயிலில் பிள்ளை பிரிந்துவிட்டால் ஒரே ஒரு விதி. கதவு மூடிப் பிள்ளை நடைமேடையில் நின்றுவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும், ஆசிரியர் திரும்பி வருவார். பிள்ளை மட்டும் ரயிலில் ஏறிவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். ஊரிலேயே நடித்துக் காட்டிப் பழக்குங்கள். ரயிலுக்குள் தின்னவும் குடிக்கவும் கூடாது, 500 டாலர் வரை அபராதம். பாஸ்போர்ட்டெல்லாம் ஆசிரியரிடம், நகலும் ஹோட்டல் முகவரியும் உங்கள் எண்ணும் எழுதிய அட்டை ஒவ்வொருவர் சட்டைப்பையிலும். போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995. ஒரு ஆசிரியருக்கு எட்டுப் பிள்ளைக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

அப்புறம், வீட்டுக்குப் பேசுவது. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். அங்கே ராத்திரி எட்டரை என்றால் இங்கே சாயங்காலம் ஆறு. அந்த நேரத்தை முன்னாலேயே சொல்லிவைத்து, தினமும் தவறாமல் பேச வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டால் மட்டும் அம்மாக்களுக்குப் போதாது, குரல் கேட்க வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்கு உங்கள் போனிலிருந்தே சாதாரண அழைப்பு போடுங்கள், அந்தச் செலவைப் பயணக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். பிள்ளை பேசும்போது நீங்கள் நாலடி தள்ளி நில்லுங்கள். உங்களிடம் சொல்லாததை அம்மாவிடம் சொல்வாள், அம்மா உங்களிடம் சொல்லிவிடுவார்.