கேம் கதை எழுத ஆசைப்படற பையனுக்கு லோன் போட்டு டிகிரி எதுக்கு?

ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. பையன் ஸ்கூல் முடிச்சாச்சு, கேமுக்குக் கதை எழுதப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான், ராத்திரி முழுக்க விமான விபத்து ரிப்போர்ட்டா படிச்சிட்டு உக்காந்திருக்கான், மனசுல ஏதும் பிரச்சனையோன்னு பயமா இருக்கு, பெரியப்பா கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான்னு பிடிவாதமா இருக்கார், ரெண்டு பேருக்கும் பொதுவா லோன் போட்டு கேம் டிசைன் டிகிரில சேத்துடலாமான்னு.

பையனுக்கு ஒன்னும் இல்லம்மா, பயப்படாதீங்க. ஆனா அந்த லோன் வேண்டாம். கேம் எழுத்து வேலையே கொஞ்சம்தான், அதுலயும் 2023, 2024ல பெரிய ஸ்டுடியோக்களே கூட்டம் கூட்டமா ஆளை வீட்டுக்கு அனுப்பிச்சாங்க. ரைட்டர் எடுக்கறவங்க முதல்ல கேக்கறது எழுதி முடிச்ச சாம்பிளைத்தான், டிகிரியை இல்ல. கோடிங், அனிமேஷன் எல்லாம் பெரியப்பாவே சொல்லியிருப்பார், அதை விடுங்க. தெரியாத ஒரு டெக்னிக்கல் விஷயத்தைத் தோண்டிப் படிச்சு அதைக் கதையா மாத்தற வேலை ஒன்னு இருக்கு, அதைப் பத்தி யாரும் பேசறதில்ல. உங்க பையன் ராத்திரி பண்றது அதுல பாதி.

ஏன் விபத்து ரிப்போர்ட்? 1983ல கனடாவுல ஒரு போயிங் 767, நாப்பத்தோராயிரம் அடி உயரத்துல பறக்கறப்ப எரிபொருள் தீந்துபோய், கொஞ்ச நேரத்துல ரெண்டு இன்ஜினும் நின்னுடுச்சு. சும்மா கற்பனைல எழுதறவன் இன்ஜினைக் கொளுத்திவிடுவான். நிஜத்துல நடந்தது ஒரு பெருக்கல் தப்பு. ஃபியூயல் மீட்டர் வேலை செய்யல, குச்சி விட்டு அளந்து லிட்டரைக் கிலோவா மாத்தணும், லிட்டருக்கு 0.8னு போடறதுக்குப் பதிலா 1.77னு போட்டுட்டாங்க. அது பவுண்டுக்கான எண். அந்த விமானம் புதுசா கிலோக் கணக்குக்கு மாறினது, சுத்தியிருந்த ஆளுங்களுக்குக் கை பழகினதோ பவுண்டு. வேண்டியது 22,300 கிலோ, இருந்தது பாதிக்கும் கீழ. இன்ஜின் நின்னதும் ஸ்கிரீனெல்லாம் அணைஞ்சுடுச்சு, காத்துல சுத்தற ஒரு குட்டி டர்பைன்தான் கன்ட்ரோலுக்குப் பவர் குடுத்துச்சு, வேகம் குறையக் குறைய அதுவும் மந்தமாச்சு. கேப்டனுக்கு கிளைடர் ஓட்டற பழக்கம் இருந்ததால பழைய விமானப்படை ரன்வே ஒன்னுல இறக்கிட்டார், அது அப்ப கார் ரேஸ் நடக்கற இடம், அன்னிக்குப் பாத்து கீழ ஜனங்க வேற. 69 பேரும் பொழச்சாங்க. இதுல எந்த வில்லனாவது இருக்கானா பாருங்க. யாரும் வேணும்னு தப்பு பண்ணல, கதைக்குத் தேவையான ஆளுங்க அந்த ரிப்போர்ட்லயே இருக்காங்க.

கேமுக்கு இது இன்னும் முக்கியம். நாவல்னா தெரியாததைத் தாண்டிப் போயிடலாம், கேம்ல ஆடறவன் அந்த பட்டனை அமுக்கியே தீருவான். அணு உலையை நிறுத்தினா அதுக்குள்ள செனான்-135ங்கற வாயு சில மணி நேரம் ஏறிட்டே போகும், உலையை ஓட்டற நியூட்ரானை அது முழுங்கும், அதனால நிறைய உலைகளை உடனே திரும்ப ஓட்ட முடியாது. இது தெரிஞ்சவனுக்கு "நிறுத்தினா மாட்டிக்குவ"ன்னு ஒரு விதி சும்மாவே கிடைக்குது! தெரியாதவன் மானிட்டர்ல கோடு நேரா ஓடற பேஷன்ட்டுக்கு ஷாக் குடுத்து எழுப்பிட்டிருப்பான். (நேர்க்கோட்டுக்கு ஷாக் குடுக்க மாட்டாங்க, நெஞ்சை அமுக்குவாங்க, மருந்து போடுவாங்க.)

பையன்கிட்ட இதைச் சொல்லுங்க. முதல்ல கதைல வர்ற வேலையைப் பத்தி சின்னப் பசங்களுக்கு எழுதின புக், வார்த்தைங்க பிடிபடும். அப்புறம் அந்த வேலைக்கான ட்ரெயினிங் மேனுவல், அதுக்கப்புறம்தான் விபத்து ரிப்போர்ட். அமெரிக்காவுல விபத்துகளை விசாரிக்கற என்.டி.எஸ்.பி.ங்கற அரசு அமைப்போட ரிப்போர்ட், நாசாவோட அப்போலோ நிலாப் பயண உரையாடல் எல்லாம் ஓசிலயே கிடைக்குது. ஏஐகிட்ட கேக்கறதுல தப்பில்ல, ஆனா அது சொல்ற நம்பரை ரிப்போர்ட்ல பாக்காம கதைக்குள்ள விடக்கூடாது. கடைசியா அந்த வேலை பாக்கற ஒரு ஆள்கிட்ட பேசணும். "உங்க வேலையைப் பத்தி சொல்லுங்க"ன்னு கேட்டா ஒன்னும் வராது. ட்யூட்டிக்கு வந்ததும் கை முதல்ல எங்க போகும், எந்த சத்தம் கேட்டா பயம், புதுசா வர்றவங்க எங்க சொதப்புவாங்க, இப்படிக் கேட்டா அவரே நிறுத்தாம பேசுவார். இன்னொன்னு, இவன் மாதிரி பசங்க படிச்சிட்டே இருந்து எழுதாமலே போயிடுவாங்க, அதனால சீனை முதல்ல எழுதணும், தெரியாத இடத்துல "செக் பண்ணு"ன்னு போட்டுட்டு மேல போகணும். எழுதினதை ட்வைன்ங்கற சாஃப்ட்வேர்ல போட்டா கோடிங் தெரியாமலே ஆடற மாதிரி ஆக்கிடலாம், அதுவும் ஓசி.

டிகிரி வேண்டாம்னு சொல்லல. லோன் இல்லாம கட்ட முடியற ஃபீஸ்ல, அவனுக்குப் பிடிச்ச ஒரு சப்ஜெக்ட், பிசிக்ஸோ நர்சிங்கோ வரலாறோ, எதுவா இருந்தாலும் எழுத்துக்குத் தீனிதான். கேம் வேலை கிடைக்கலன்னாலும் டெக்னிக்கல் ரைட்டிங், ஆஸ்பத்திரிக்கும் தொழிற்சாலைக்கும் ட்ரெயினிங் சிமுலேஷன் எழுதறதுன்னு இதே திறமைக்கு வேலை இருக்கு. பெரியப்பா கேட்டா ஃபீஸ் யார் கட்டறதுன்னு திருப்பிக் கேளுங்க. முதல் வருஷம் முடியறதுக்குள்ள பத்து நிமிஷம் ஆடற மாதிரி ஒரே ஒரு கதை முடிச்சுக் காட்டச் சொல்லுங்க, முடிக்கலன்னா அவனையும் கூட்டிட்டு வாங்க, அப்ப நான் அவன்கிட்ட பேசறேன்.