நாலடிப் பலகையில் ஒரு துறைமுக யார்ட்: வாசகர் கேள்வி – பதில்

மாதிரி ரயில் பற்றித் திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு கேள்விக்கான பதில் அடுத்ததற்கும் உதவும் என்பதால் வரிசையாகவே வாசியுங்கள்.

கேள்வி: உவர்மலையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மாதிரி ரயிலுக்கு எனக்குக் கிடைத்த இடம் சுவரோரம் நாலடி நீளம், ஓரடி அகலம். வட்டமாகத் தண்டவாளம் போட வழியே இல்லை. வெளிநாடுகளில் நகரத்துக் கட்டடங்களுக்கு நடுவே சின்னதாக ஷண்டிங் யார்ட், அதாவது வேகன்களைப் பிரித்துக் கோர்க்கும் இடம், செய்கிறார்கள். அதை நம் ஊர்ச் சாயலில் செய்யலாமா?
– வாசகர், உவர்மலை

பதில்: தாராளமாகச் செய்யலாம். வட்டம் போட முடியவில்லையே என்று கவலைப்படவே வேண்டாம். வட்டத்தில் சுற்றும் ரயில் பார்க்க அழகுதான், ஆனால் அதற்குப் போய்ச்சேர ஓர் இடம் இல்லை, ஆகவே கொஞ்ச நேரத்தில் நமக்கும் அதில் வேலை இல்லாமல் போய்விடும். ஷண்டிங்கில் அப்படியல்ல, எந்த வேகனை எங்கே விடுவது, அதை எடுக்கமுதல் குறுக்கே நிற்கிற எதை இழுத்து ஒதுக்குவது என்று தலை ஓடிக்கொண்டே இருக்கும்.

உங்கள் அளவுக்கென்றே செய்ததுபோல ஒரு அமைப்பு உண்டு. பிரித்தானியரான அலன் ரைட் வகுத்தது, பெயர் இங்கில்நூக். இரண்டே பொயின்ட் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் தண்டவாளத்துண்டு), மூன்று பாதை. ஒன்றில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. பொயின்ட்டுக்கு இந்தப் பக்கம் எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் முனைப் பாதையில் எஞ்சினும் 3 வேகனும் மட்டும்தான் கொள்ளும். மொத்தம் 8 வேகன். எட்டுக்கும் எட்டு அட்டை எழுதிக் குலுக்கி, முதலில் வருகிற ஐந்தை அதே வரிசையில் நீளமான பாதையில் கோர்க்கவேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. வரிசையையும் கணக்கில் எடுத்தால் 6,720 விதமான ரயில் வரும், ஆகவே அலுத்துப்போகும் என்ற பயம் வேண்டாம்.

அளவைப் பாருங்கள். 16.5 மி.மீ. இடைவெளித் தண்டவாளத்தில் நாலு சில்லு வேகன் ஒன்று, வேகன்களை இணைக்கும் கொழுவியோடு சேர்த்து ஏறத்தாழ 8 செ.மீ. முனைப் பாதைக்கு எஞ்சின் 12, வேகன் மூன்றும் 24, ஆக 36. பெக்கோ என்ற கம்பனியின் சிறிய பொயின்ட் ஒன்று 18.5 செ.மீ., இரண்டு வைத்தால் 37. அதற்கு அப்பால் ஐந்து வேகனுக்கு 40. கூட்டினால் 113, மிச்சம் ஒன்பது செ.மீ. கைக்காவல். நாலடி என்பது 122 செ.மீ. சரியாக வந்துவிடுகிறது.

முனைப் பாதையின் நீளத்தில் மட்டும் தாராளம் காட்டாதீர்கள். ஒரு வேகன் கூடுதலாகக் கொள்ளும்படி விட்டால் புதிரின் இறுக்கம் போய்விடும், ஒரு வேகன் குறைந்தால் ரயிலைக் கோர்க்கவே வராது. ஆகவே ஒரு ஆணிகூட அடிக்கமுதல், பொயின்ட்டின் உண்மை அளவுப் படத்தை அச்செடுத்துப் பழைய பேப்பரில் ஒட்டி, மேசையில் விரித்து, வேகன்களை அதன்மேல் வரிசையாக வைத்துப் பாருங்கள். இரண்டு பாதை பிரிகிற இடத்தில் பக்கத்து வேகனின் மூலை எந்தப் புள்ளியில் உரசுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். அந்தக் குறிக்கு அப்பாலிருந்துதான் 5, 3, 3 என்று எண்ணவேண்டும்.

இனி ஊர்ச் சாயல். ஓரடி அகலத்தில் முழுக் கட்டடம் வைக்க இடமில்லை, ஆகவே முன்சுவர் மட்டும் போதும். மூன்று நாலு செ.மீ. தடிப்பில், பின்பக்கச் சுவரோடு ஒட்டினாற்போல. சீனக்குடாவில் இருப்பதுபோல உயர்ந்த வெறுஞ்சுவரோடு ஒரு மாவு ஆலை, பக்கத்தில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கியின் வளைவு. பால்மா டின் ஒன்றை நெடுக்காகப் பிளந்து சாம்பல் பூசி, துருக்கோடு இரண்டு இழுத்துவிட்டால் சின்னத் தாங்கி ஒன்று கிடைத்துவிடும். சுவரில் வரைகிற ஒவ்வொரு கதவும் ஒரு விலாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவு மூட்டை ஏற்றும் கதவு, வெற்றுச் சாக்கு இறக்கும் கதவு, எண்ணெய்க் குழாய் என்று மூன்று வேகன் நிற்கும் பாதையில் மூன்று விலாசம் வந்துவிட்டால், வேகன் பாதைக்குள் போனால் மட்டும் போதாது, தன் கதவுக்கு நேரே நிற்கவும் வேண்டும். இது வேலையை இரட்டிப்பாக்கும், இடம் ஒரு அங்குலமும் கேட்காது.

நீங்கள் படத்தில் பார்த்த நகர யார்ட்கள் பல நியூயோர்க் துறைமுகத்தை வைத்துச் செய்தவை. அங்கே புரூக்ளின் கரையோரத்து யார்ட்களுக்கு வேகன்கள் தண்டவாளம் பதித்த பார்ஜ் என்ற தட்டைப் படகுகளில் கடல்வழியாக வந்து இறங்கும். இந்த யோசனையை நாமும் எடுத்துக்கொள்ளலாம். முனைப் பாதையின் நுனியில் கழற்றி மாட்டக்கூடிய பார்ஜ் ஒன்று வைத்தால், அடுத்த கூட்டு வேகன்களை அதில் கொண்டுவந்து சேர்க்கலாம். பார்ஜ் வராத நேரத்தில் அந்த நுனியில் மறக்காமல் ஒரு தடைக்கட்டை போடுங்கள், எஞ்சின் நிலத்தில் விழுந்தால் தாங்காது.

ஜோன் அலன் என்ற அமெரிக்கர் 1972இல் வெளியிட்ட டைம்சேவர் என்ற புதிரும் பிரபலம். அது போட்டிக்கு நல்லது, ஆனால் உண்மையான யார்ட்போல இராது. முதல் வேலைக்கு இங்கில்நூக்தான் என் தெரிவு.

கேள்வி: இலங்கைப் பாதை அகலமானது. கடையில் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டு அளவு. எந்த அளவில் தொடங்கினால் நம் கோச்சிபோல இருக்கும்?
– வாசகர், கிண்ணியா

பதில்: நல்ல கேள்வி. எச்.ஓ. என்கிற 1:87 அளவில் 16.5 மி.மீ. தண்டவாளம் 1,435 மி.மீ. பாதைக்கானது. நம்முடைய பாதை 1,676 மி.மீ., இந்தியாவின் அகல ரயில்பாதையும் அதேதான். 1:87இல் நம் பாதையைச் சரியாகச் செய்யப் போனால் 19 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும், அதற்குக் கடையில் பொயின்ட்டும் இல்லை சில்லும் இல்லை, எல்லாம் கையால் செய்யவேண்டும்.

கணக்கை மறுபக்கமாகப் போட்டுப் பாருங்கள். 1,676ஐ 16.5ஆல் பிரித்தால் 101 சொச்சம். அதாவது கடையில் வாங்குகிற அதே எச்.ஓ. தண்டவாளம், 1:100 அளவில் நம் பாதையேதான்! 1:100 கட்டடக் கலைஞர்கள் மாதிரி செய்யும் அளவு, ஆகவே அந்த அளவில் மனிதர், மரம், கார் எல்லாம் பைக்கற்றாகக் கிடைக்கும், விலையும் குறைவு. அளவுகோலும் சுலபம், உண்மையில் ஒரு மீற்றர் என்றால் மாதிரியில் ஒரு செ.மீ. எச்.ஓ. வேகன் ஒன்றின் அடிச்சட்டத்தை எடுத்து, மேற்கூட்டை மட்டும் பிளாஸ்ரிக் தகட்டிலோ தடித்த மட்டையிலோ நீங்களே கட்டலாம். தெரிந்தவர்கள் சில்லுக்கும் சில்லுக்கும் இடைவெளி சரியில்லை என்பார்கள், அது நாலு சில்லு வேகனில் கண்ணை உறுத்தாது.

எஞ்சினுக்கு, லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட் கம்பனி 1969இல் நமக்குச் செய்து அனுப்பிய வை வகுப்பு ஷண்டிங் எஞ்சினை மனதில் வையுங்கள். ஆறு சில்லு, பக்கத்தில் இணைப்புத் தண்டு. அதே சாயலில் பிரித்தானிய ஷண்டிங் எஞ்சின் மாதிரிகள் சந்தையில் உண்டு, அடிப்பகுதியை அப்படியே வைத்து மேலே கூடு மாற்றலாம். பெரிய எஞ்சின்தான் வேண்டுமென்றால் 1954இல் கனடாவிலிருந்து வரத் தொடங்கிய எம் 2 நம் பாதைகளுக்குப் பொருத்தம், ஆனால் நாலடி யார்டில் அது முனைப் பாதையில் இடத்தைத் தின்னும்.

முதலாவது மாதிரி என்றால் இதில் எதையும் கட்டாயம் என்று எடுக்காதீர்கள். வாங்கிய வேகனை நம் ஊர் நிறத்தில் பூசி ஓட்டுங்கள், கூடு கட்டுவது பிறகு தானாக வரும்.

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்து வீடு. புதுத் தண்டவாளம் ஒரு மாதத்திலேயே கறுத்துவிட்டது. எஞ்சின் மெதுவாக வந்தால் பொயின்ட்டின் மேல் நின்றுவிடுகிறது, விரலால் தட்டினால்தான் போகிறது. மாரியில் இன்னும் மோசம்.
– வாசகி, உப்புவெளி

பதில்: இதில் இரண்டு பிரச்சினை கலந்திருக்கிறது, தனித்தனியாகப் பார்ப்போம்.

பொயின்ட்டின் மேல் நிற்பது பெரும்பாலும் அழுக்கால் அல்ல. பொயின்ட்டில் இரண்டு தண்டவாளம் வெட்டிக்கொள்ளும் நடுத்துண்டு பிளாஸ்ரிக்காக இருந்தால் அங்கே கரண்ட் இல்லை. நீளமான எஞ்சினுக்கு மற்றச் சில்லுகள் கை கொடுக்கும், குட்டி ஷண்டிங் எஞ்சின் அந்த இடத்திலேயே பசியோடு நின்றுவிடும். நடுத்துண்டு உலோகமாக உள்ள பொயின்ட் வாங்கி, பொயின்ட் திரும்பும்போது அந்தத் துண்டின் கரண்டும் மாறும்படி ஒரு சுவிட்ச் சேர்த்துவிடுங்கள். ஏற்கனவே பிளாஸ்ரிக் பொயின்ட் பதித்தாயிற்று என்றால், எஞ்சினின் எல்லாச் சில்லும் கரண்ட் எடுக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது, தண்டவாளத்துண்டு ஒவ்வொன்றுக்கும் அடியில் தனி வயர் பற்றவையுங்கள். துண்டுகளைக் கோர்க்கும் சின்னத் தகட்டை நம்பி கரண்ட் அனுப்புவது உப்புக் காற்றுள்ள ஊரில் நிலைக்காது, தகட்டுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே பச்சையாகப் பூத்து வழி அடைபட்டுவிடும். வேலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் ஒருமுறை செய்தால் பிறகு அந்தப் பக்கம் திரும்பத் தேவையில்லை.

கறுப்புக்கு: தண்டவாளம் எந்த உலோகம் என்று பாருங்கள். இரும்பென்றால் மாற்றிவிடுங்கள், கடலோரத்தில் அது துருப்பிடித்தே தீரும். செம்பு, நாகம், நிக்கல் கலந்த நிக்கல் சில்வர்தான் இங்கே சரி. மண்கடதாசியால் தேய்க்கவே வேண்டாம். பளபளக்கும், சரி, ஆனால் அது விடுகிற நுண்கீறலில்தான் அடுத்த அழுக்கு குடியேறுகிறது. ஐசோபுரொபைல் அற்ககோலை வெள்ளைப் பருத்தித் துணியில் நனைத்துத் துடையுங்கள். தண்டவாளத்தோடு சில்லையும் துடைக்கவேண்டும், இல்லையென்றால் சில்லு கொண்டுவந்து திரும்பவும் பூசிவிடும். பிறகு மென்மையான பென்சிலின் கரியை, 4பி, 6பி எதுவானாலும், தண்டவாளத்தின் உள்விளிம்பில் ஒரே ஒருதரம் இலேசாக இழுத்துவிட்டால் போதும்.

மாரியில் மோசமாவதற்குப் பலகையும் காரணம். ஈரத்தில் மரம் ஊதும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் சுருங்கும். தண்டவாளம் வெப்பத்தில் நீள்வது நாலடிக்கு மில்லிமீற்றரில் ஒரு பகுதிதான், பலகையின் அசைவுதான் அதை நெளிக்கிறது. பிளைவூட்டின் மேல், கீழ், முக்கியமாக வெட்டிய விளிம்பு எல்லாவற்றிலும் தண்டவாளம் பதிக்கமுதல் பெயின்ற் பூசுங்கள். பதிப்பதையும் காய்ந்த மாதங்களில் செய்யுங்கள். மரம் சுருங்கிய நிலையில் பதித்தால் பிறகு ஈரத்தில் இணைப்பு மயிரிழை விரியும், அதனால் கேடில்லை. ஊதிய மரத்தில் இறுக்கிப் பதித்தால் கச்சானில் தண்டவாளம் வளைந்து எழும்பும்.

ஓடாத நேரத்தில் பழைய பருத்திச் சேலையால் மூடிவையுங்கள். பொலித்தீன் வேண்டாம், உள்ளே வியர்க்கும்.

கேள்வி: ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிற்றல் கொன்ட்ரோல் கட்டாயமா? விலையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.
– வாசகர், பாலையூற்று

பதில்: ஒரு எஞ்சின்தானே? தேவையில்லை. சாதாரண 12 வோல்ற் நேர்மின் கொன்ட்ரோலர் போதும். அந்தக் காசை எஞ்சினில் போடுங்கள், ஊர்ந்து போகக்கூடிய எஞ்சின்தான் ஷண்டிங்குக்கு உயிர். வீட்டு 230 வோல்ற்றிலிருந்து நீங்களே எதையும் செய்துகொள்ளாமல் நல்ல அடப்ரர் ஒன்று வாங்குங்கள், சிறுவர் கை வைக்கும் இடம்.

கேள்வி: பத்து வயதுப் பேரன் கேட்கிறான். நான் ஓய்வுபெற்றவன், நேரம் இருக்கிறது. இருவரும் சேர்ந்து செய்தால் அவன் பாதியில் விட்டுவிடுவானோ என்று யோசனை.
– வாசகர், தம்பலகாமம்

பதில்: ஐயா, 1927இல் திறந்த திருகோணமலைப் பாதை உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது, பேரனை முதலில் ஸ்ரேசனுக்குக் கூட்டிப்போய் பொயின்ட்டையும் அது பிரியும் இடத்தையும் காட்டுங்கள். கையில் பார்த்த பிறகு பலகையில் போடுவது பிள்ளைகளுக்கு வேறு மாதிரி.

ஓட்டும்போது வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் டிரைவர், கொன்ட்ரோலர் அவர் கையில். மற்றவர் யார்ட்காரர், அட்டையைப் பார்த்து எந்த வேகன், எந்தக் கதவு என்று முடிவெடுப்பவர். இடையில் பேச்சே கூடாது, கைச்சைகை மட்டும்: வா, போ, மெல்ல, நில். டிரைவர் சைகை இல்லாமல் அசையக்கூடாது, வேகனைத் தொடமுதல் ஒருதரம் நிறுத்தி மெல்லக் கொழுவவேண்டும். யார்ட்காரர் வேலையை முதலில் பேரனிடம் கொடுங்கள், தாத்தாவுக்குக் கட்டளையிடும் அந்தப் பதவியை எந்தப் பிள்ளையும் இலேசில் விடாது.

அட்டைக்குப் பழைய கலியாணக் கார்ட்டின் வெள்ளைப் பக்கம் நல்லது. வேகனின் நிறத்தை அவனே பூசி, இலக்கத்தை அவனே எழுதட்டும். வேகனைக் கழற்ற காந்தம் எதுவும் வாங்கவேண்டாம். மடக்கிய விரல்போல ஒன்றையொன்று பிடிக்கும் கேடி வகைக் கொழுவியாக இருந்தால் விளக்குமாற்று ஈர்க்கில் ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு முறித்து, நுனியைத் தட்டையாகச் சீவி, இரண்டு கொழுவிக்கும் நடுவே மேலிருந்து விட்டு மெல்லத் திருகச் சொல்லுங்கள்; இரண்டும் விலகும். எஞ்சின் நின்ற பிறகுதான் ஈர்க்கு உள்ளே போகவேண்டும், இதை முதல்நாளே பழக்கிவிடுங்கள்.