லேன் போர்ட் மட்டும் இருக்கிற கம்ப்யூட்டர்ல வைஃபை: உங்க கேள்விகளுக்கு பதில்

வைஃபை இல்லாம லேன் போர்ட் (நெட் கேபிள் சொருகுற இடம்) மட்டும் இருக்கிற பழைய டெஸ்க்டாப்ப வீட்டு வைஃபைல சேர்க்கிறது பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, எல்லாத்தையும் சேத்து ஒரே இடத்துல எழுதிட்டேன்.

கேள்வி: மோடம் ஹால்ல இருக்கு, கம்ப்யூட்டர் உள் ரூம்ல. சிபியூல வைஃபை கிடையாது. என்ன வாங்கணும் சார்?

இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. வீட்ல ஆண்ட்ராய்டு போன் இருக்குல்ல, அத வைஃபைல கனெக்ட் பண்ணி மொபைல் டேட்டாவ ஆஃப் பண்ணிட்டு, சார்ஜர் கேபிள்ல சிபியூவோட சொருகி, செட்டிங்ஸ்ல ஹாட்ஸ்பாட் பக்கம் போயி யூஎஸ்பி டெதரிங்க ஆன் பண்ணுங்க. பெரும்பாலான போன்ல வீட்டு வைஃபையே அப்படியே கம்ப்யூட்டருக்கு வந்துரும், விண்டோஸ் 10, 11 ரெண்டும் லேன் கார்டு மாதிரி தானாவே எடுத்துக்கும். டெதரிங் ஆப்ஷன் மங்கலா இருந்து அழுத்த முடியலன்னா கேபிள மாத்துங்க, சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள்ல டேட்டா போகாது. ஐபோன்ல இது நடக்காது, அது சிம் டேட்டாவ மட்டும்தான் பகிரும்.

இத ஏன் முதல்ல சொல்றேன்னா, செலவே இல்லாம அந்த ரூம்ல வைஃபை எவ்வளவு வருதுன்னு தெரிஞ்சிரும். போன்லயே அங்க சிக்னல் ஒரு கோடுதான்னா எந்த அடாப்டர் (கம்ப்யூட்டருக்கு வைஃபை குடுக்கிற சின்ன கருவி) வாங்கி மாட்டினாலும் பெருசா மாறாது, கேபிள் இழுக்கிறத பத்தி யோசிங்க (கடைசி கேள்விய பாருங்க).

கேள்வி: யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கி சிபியூ பின்னாடி சொருகினேன். பெட்டில 150 எம்பிபிஎஸ்னு இருக்கு, 20 தாண்ட மாட்டேங்குது. டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட்னு சொல்ல முடியாது. 150ங்கறது அடாப்டரும் ரவுட்டரும் (வைஃபை குடுக்கிற மோடம் பெட்டி) பேசிக்கிற அதிகபட்ச வேகம், அதுவும் வைஃபை சிக்னல் போற பாதைக்கு 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் கிடைச்சாத்தான். பக்கத்து வீடுகள்ல எல்லாம் ரவுட்டர் ஓடும்போது உங்க ரவுட்டர் 20 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிரும், அப்ப அதிகபட்சமே 72தான், அதுலயும் டவுன்லோடுக்கு கிடைக்கிறது ஏறக்குறைய பாதி.

ஆனா உங்க விஷயத்துல முக்கியமான பிரச்சன இடம். சிபியூ டேபிளுக்கு கீழ, அதுக்குப் பின்னாடி சுவரு, முன்னாடி இரும்பு கேபினெட், நடுவுல கட்டை விரல் நகம் அளவு ஒரு ஆன்டெனா, அது எப்படிங்க சிக்னல் பிடிக்கும்? ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி அடாப்டர டேபிள் மேல ரவுட்டர் பக்கமா கொண்டாந்து வைங்க. இன்னொண்ணு, நீல கலர் யூஎஸ்பி 3.0 போர்ட்ல சொருகியிருந்தா கருப்பு போர்ட்டுக்கு மாத்துங்க. யூஎஸ்பி 3.0 ஓடும்போது இந்த மாதிரி அடாப்டர் பேசுற 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைல இரைச்சல் கிளப்பும், இன்டெல் கம்பெனியே 2012ல இத பத்தி அறிக்கை போட்டிருக்கு. பக்கத்து போர்ட்ல எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஓடுற நேரம் மட்டும் நெட் படுத்துச்சுன்னா காரணம் இதுவா இருக்கலாம்.

இதெல்லாம் பண்ணியும் பத்தலன்னா 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் எடுக்கிற டூயல் பேண்ட் அடாப்டர் வாங்குங்க, ரவுட்டரும் டூயல் பேண்டா இருக்கணும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகம் ஜாஸ்தி, சுவரு தாண்டுற சக்தி கம்மி.

கேள்வி: அடாப்டரோட டிரைவர் சிடி குடுத்தாங்க, என்கிட்ட சிடி டிரைவே இல்ல.

அதே யூஎஸ்பி டெதரிங்ல நெட் கொண்டு வந்து டிரைவர (அடாப்டர ஓட வைக்கிற சாஃப்ட்வேர்) எறக்கிக்கோங்க. அதுக்கு முன்னாடி மை கம்ப்யூட்டர திறந்து பாருங்க, சில அடாப்டர் சொருகினதும் சின்ன சிடி டிரைவ் மாதிரி காட்டும், உள்ளயே செட்டப் ஃபைல் இருக்கும். லினக்ஸ் காரங்க மட்டும் கண்ண மூடிட்டு வாங்காதீங்க, ஒரே மாடல் நம்பர்ல வெர்ஷன் மாறினா உள்ள சிப் வேறயா இருக்கும். மீடியாடெக் எம்டி7612யூ சிப்னா லினக்ஸோட கெர்னல்லயே (அதோட மையப் பகுதி) டிரைவர் இருக்கு, தொல்லை இல்ல.

கேள்வி: உள்ள மாட்டுற பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு நல்லதா அண்ணா?

மதர்போர்டு ஸ்லாட்ல மாட்டுற வைஃபை கார்டு அது, நிலையா ஒரே இடத்துல இருக்கிற கம்ப்யூட்டருக்கு நல்லது. இன்டெல் ஏஎக்ஸ்210 வைஃபை சிப் போட்ட கார்டு பாருங்க, ஆனா விண்டோஸ் 10 64பிட்டுக்கு கீழ டிரைவர் கிடையாது. ப்ளூடூத் வேலை செய்யணும்னா கூட வர்ற சின்ன ஒயர மதர்போர்டு யூஎஸ்பி பின்ல குத்தணும், பல பேர் இத விட்டுட்டு ப்ளூடூத் வரலன்னு திருப்பி அனுப்புறாங்க. ஏஎக்ஸ்211னு ஒண்ணு விலை கம்மியா கிடைக்கும், அது குறிப்பிட்ட இன்டெல் போர்டுல மட்டும்தான் ஓடும். ஒயர் வச்ச காந்த ஆன்டெனாவோட வர்ற கார்டா எடுத்தா டேபிள் மேல வச்சுக்கலாம்.

கேள்வி: பழைய ரவுட்டர் சும்மா கிடக்கு, பிரயோஜனம் உண்டா?

நல்லா உண்டு. செட்டிங்ஸ்ல கிளையன்ட், ரிப்பீட்டர், இல்லன்னா டபிள்யூஐஎஸ்பி மோடு இருக்கான்னு பாருங்க. இருந்தா அது வீட்டு வைஃபைய பிடிச்சு தன்னோட லேன் போர்ட்ல குடுக்கும், அங்கிருந்து சின்ன கேபிள் கம்ப்யூட்டருக்கு. கம்ப்யூட்டர்ல டிரைவரே வேணாம், லேன் மட்டும் இருக்கிற பிரின்டருக்கும் டிவிக்கும் கூட இதே வழிதான். பழைய ரவுட்டரோட ஐபிய (நெட்வொர்க்ல அதோட முகவரி நம்பர்) மட்டும் மெயின் மோடத்தோட மோதாத மாதிரி மாத்திருங்க. 100 எம்பிபிஎஸ் போர்ட்டா இருந்தா 95 பக்கம் நின்னுரும். டபிள்யூஐஎஸ்பில போட்டா வீட்ல உள்ள மத்த கம்ப்யூட்டர்லேர்ந்து இந்தப் பக்கம் இருக்கிற பிரின்டர் தெரியாது, அதனால கிளையன்ட், ரிப்பீட்டர் ரெண்டுல ஒண்ண முதல்ல முயற்சி பண்ணுங்க.

விண்டோஸ் 7 வச்சு ஓட்டுறவங்களுக்கு ஒண்ணு, 2020 ஜனவரியோட அதுக்கு சப்போர்ட் நின்னுபோச்சு, தயவு செஞ்சு அதுல பேங்க் வேலை பாக்காதீங்க.

கேள்வி: புது மோடம் மாத்தினதுலேர்ந்து பழைய அடாப்டர் கனெக்ட் ஆகல, போன் எல்லாம் ஆகுது.

மோடம் செக்யூரிட்டில டபிள்யூபிஏ3 (வைஃபை பாதுகாப்பு முறைல புதுசு, பழைய அடாப்டருக்கு புரியாது) மட்டும் வச்சிருப்பாங்க. டபிள்யூபிஏ2, 3 ரெண்டும் சேந்த மோடுக்கு மாத்துங்க.

கேள்வி: பையன் ஆன்லைன் கேம் ஆடுறான், அடிக்கடி லேக் ஆகுதுங்கறான். கேபிளே இழுத்துரலாமா?

இழுக்க வழி இருந்தா தாராளமா இழுங்க, என்னோட ஓட்டு எப்பவும் கேபிளுக்குத்தான். கேட் 6ங்கற லேன் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், வீட்டுக்கு அது ரொம்ப ஜாஸ்தி. முழு செம்பு கேபிளான்னு கேட்டு வாங்குங்க, அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது சீக்கிரம் ஒடியும். கரண்ட் ஒயர் போற பைப்லயே விடாதீங்க. உள்ள எட்டு ஒயர் இருக்கும், சில பேர் நாலு மட்டும் கிரிம்ப் பண்ணிட்டு (முனை பிளக்ல அழுத்திப் பொருத்திட்டு) போயிருவாங்க, நெட் வரும், ஆனா 100 எம்பிபிஎஸ்க்கு மேல போகாது. டெஸ்டர் போட்டு எட்டு லைட்டும் வரிசையா எரியுதான்னு பாத்துட்டு அப்புறமா காசு குடுங்க.